அவரு தூங்குறாரு

விரலை உதட்டில் வைத்தபடியே வாழ்ந்த ஒரு பெண்ணை எனக்குத் தெரியும். அவருக்குப் பெயர் இருந்தது. ஆனால் எங்கள் லைன் வீட்டில் எல்லோரும் ‘உஷ் அக்கா’ என்றுதான் சொன்னோம். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னோம். போகப் போக முகத்துக்கு நேராகவே வந்துவிட்டது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டால் குரலை உயர்த்த வேண்டியிருக்கும், அது அவருக்கு ஆகாத காரியம்.

ஓசூரில் மூக்கண்டப்பள்ளிப் பக்கம், கம்பெனிகளின் மதில் சுவர் முடிகிற இடத்தில் இருந்தது அந்த லைன் வீடு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக, ஓர் அறையும் சமையல்கட்டுமாக வீடுகள். முன்னால் எல்லோருக்கும் பொதுவான நீள வாசல். கடைசியில் தண்ணீர்த் தொட்டி. பக்கத்து வீட்டில் தும்மினால் இந்த வீட்டிலிருந்து ‘நூறு ஆயுசு’ சொல்லலாம், சுவர் அவ்வளவுதான். ஆண்கள் எல்லோரும் ஏதோ ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஒருவர் ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்பும்போது இன்னொருவர் நைட் ஷிப்ட் முடித்து வந்து இறங்குவார். ஒரு வீட்டில் சாம்பார் கொதிக்கும்போது அடுத்த வீட்டில் பல் துலக்கிக்கொண்டிருப்பார்கள். வாரம் மாறினால் எல்லாம் தலைகீழ். என் வீட்டுக்காரர் அங்கே குடியிருந்த காலம் முழுவதும் அக்கம்பக்கத்து ஆண்களில் பாதிப் பேரின் முகத்தைக்கூடச் சரியாகப் பார்த்ததில்லை. எல்லோரும் கம்பெனி பஸ்ஸில் போனார்கள், கம்பெனி பஸ்ஸில் வந்தார்கள், தூங்கினார்கள்.

நான் கல்யாணமாகிச் சாமல்பட்டியிலிருந்து வந்தவள். எங்கள் வீடு ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால். ரயில் போகும்போது பேச்சை நிறுத்தி, போன பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுகிற குடும்பம். அதனால் எனக்குத் தொண்டை பெரிசு, கையும் முரடு. பாத்திரத்தைக் கீழே வைத்தால் தெரு முனை வரை தெரியும். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய் உஷ் அக்காவின் பக்கத்து வீட்டில் வைத்தது விதியின் குசும்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

வந்த புதிதில் ஒரு நாள், காலைச் சமையல் எல்லாம் முடிகிற நேரத்தில், சட்னிக்கு மிக்ஸியைப் போட்டேன். கதவு தட்டப்பட்டது. தட்டப்பட்டது என்றுகூடச் சொல்ல முடியாது, நகத்தால் சுரண்டின மாதிரி ஒரு சத்தம். திறந்தால் ஒல்லியாக, உயரமாக ஒரு பெண். விரல் உதட்டில்.

“அவரு தூங்குறாரு.”

“யாரு?”

“எங்க வூட்டுக்காரரு. நைட் ஷிப்ட் பாத்துட்டு இப்பத்தான் கண்ண மூடுனாரு. தொட்டியாண்ட அம்மி கெடக்குது, அதுல அரைச்சிக்கிறியா?”

எனக்குச் சுருக்கென்று வந்தது. “அம்மிய ஊர்லயே வுட்டுட்டு வந்துட்டன்க்கா. சீர்ல மிக்ஸிதான் குடுத்தாங்க” என்றேன்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. தோள் குலுங்கியது, பல் தெரிந்தது, கண் சுருங்கியது. சத்தம் மட்டும் இல்லை. டிவியை மியூட்டில் போட்ட மாதிரி இருந்தது. அன்றைக்கு நான் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அம்மியில்தான் சட்னி அரைத்தேன். மனதுக்குள் அவரை நன்றாகத் திட்டிக்கொண்டே அரைத்தேன். ஆனால் அந்த ஊருக்கு வந்து, கதவைத் தட்டி என்னிடம் பேசிய முதல் ஆள் அவர்தான் என்பது சாயங்காலம் பாத்திரம் கழுவும்போதுதான் ஞாபகம் வந்தது.

அவர் கண்டுபிடித்த ஒரு வழக்கம் எங்கள் லைனில் சட்டமாகவே ஆகியிருந்தது. நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் தூங்கப் போகும்போது, அவருடைய சேஃப்டி ஷூவை வாசல்படிக்குப் பக்கத்தில் வெளியே வைத்துவிட வேண்டும். கம்பெனி கொடுக்கிற கறுப்பு ஷூ, முனையில் இரும்புத் தகடு வைத்தது, தூக்கினால் கல் மாதிரி கனக்கும். வெளியே ஷூ இருந்தால் உள்ளே ஒரு மனுஷன் தூங்குகிறார் என்று அர்த்தம். பிள்ளைகள் அந்த வீட்டு முன்னால் பந்து விளையாடக் கூடாது. பைக்கை அங்கே நின்று உறுமவிடக் கூடாது. தொட்டியில் குடத்தைப் போடுகிறவர்கள் கயிறு கட்டி இறக்குகிற மாதிரி மெதுவாக இறக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு நைட் ஷிப்ட் வருகிற வாரங்களில் எங்கள் ஷூவையும் அவரே தள்ளிச் சரியாக வைத்துவிட்டுப் போவார். என் வீட்டிலேயே என் புருஷனுக்காக என்னை வந்து அடக்குவார்.

“கம்முனு இருடி சாமல்பட்டிக்காரி. உன் வூட்டுக்காரரும் மனுசன்தான?”

காய்கறி விற்கிற குட்டியானை வண்டி ஒன்று தினமும் வரும். பதிவு செய்த குரல் ஒன்று ‘தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு’ என்று மதில் சுவரில் மோதித் திரும்புகிற மாதிரி கத்தும். உஷ் அக்கா ஒரு நாள் ஓடிப்போய், வண்டிக்காரரிடம் ஒரு வார்த்தை பேசாமல், அந்த மைக் பெட்டியை அவரே அணைத்துவிட்டார். வண்டிக்காரர் சண்டைக்கு வந்தார். அக்கா விரலை உதட்டில் வைத்து, இன்னொரு கையால் ஷூவைக் காட்டினார். அதற்கப்புறம் எங்கள் லைன் வந்தால் அந்த ஆள் மைக்கை அணைத்துவிட்டு, வீடு வீடாக வந்து, ரகசியம் சொல்வது போல “தக்காளி… தக்காளி…” என்று கிசுகிசுப்பார். நான் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொள்வேன்.

குக்கர் விசிலுக்கு அவர் எதிரி. சோற்றை வடிக்கச் சொல்வார். தண்ணீர் மோட்டாருக்கு எதிரி. காக்காவுக்கும் எதிரிதான், ஆனால் காக்கா சொன்ன பேச்சு கேட்கவில்லை.

எல்லாரையும் விடப் பெரிய எதிரி, என் வீட்டுக்கு மறுபக்கத்து வீட்டில் இருந்த ஸ்பீக்கர் தம்பி. திருநெல்வேலிப் பக்கத்துப் பையன், வெல்டிங் வேலை, புதுசாகக் கல்யாணம் ஆனவன். சம்பளம் வாங்கிக் கட்டில்கூட வாங்காமல், ஆள் உயரத்துக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கி வைத்திருந்தான். அவன் பாட்டுப் போட்டால் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த காலண்டர் ஆடும். கொஞ்சம் குறை என்றால் “கொறச்சுட்டேன்லா” என்பான். குறைத்திருக்க மாட்டான். எனக்கு அவனைக் கண்டாலே எரியும். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது நான் அவளைத் தூங்கவைப்பதும், அவன் பாட்டு அவளை எழுப்புவதும் ஒரு போட்டியாகவே நடந்தது.

அக்காவுக்கு மட்டும் அவன் கொஞ்சம் அடங்குவான். அவர் போய் வாசலில் நிற்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். விரல் உதட்டில். அவன் பார்க்காத மாதிரி இருப்பான், அவரும் நகர மாட்டார். கடைசியில், “ஏன்க்கா இப்பிடி நின்னு உசிர வாங்குதிய?” என்று சொல்லிக்கொண்டே குறைப்பான். அடுத்த நாள் திரும்பவும் ஆரம்பிக்கும். அவர்கள் இரண்டு பேருக்கும் அது ஒரு வேலை மாதிரியே ஆகிவிட்டிருந்தது.

உண்மையான வேலை என்றால், அக்கா வீட்டில் உட்கார்ந்து ரப்பர் பிசிறு வெட்டினார். சின்னச் சின்னப் பட்டறைகளில் வண்டிகளுக்கான ரப்பர் வளையம் செய்வார்கள். அச்சிலிருந்து எடுக்கும்போது ஓரத்தில் மெல்லிய பிசிறு ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கத்தரியால் சுற்றி வெட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டோவில் மூட்டை வரும், வெட்டினது திரும்பிப் போகும். எங்கள் பக்கம் நிறையப் பெண்கள் அதைச் செய்தார்கள். எனக்கும் அவர்தான் பழக்கிவிட்டார். மத்தியானங்களில் அவர் வீட்டு வாசலில், அந்த ஷூவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் வெட்டுவோம். சத்தமே இல்லாத வேலை. கை முழுக்க ரப்பர் வாடை ஏறிவிடும், எந்தச் சோப்புக்கும் போகாது.

அப்போது அவர் தாழ்ந்த குரலில் தன் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். அவருக்குக் கத்திரிக்காய் ஆகாது. ராகிக் களி என்றால் உயிர். மழை பெய்தால் தலை வலிக்கும். பக்கத்தில் யாராவது இருமினால்கூட எழுந்துகொள்வார், அப்படிப்பட்ட தூக்கம். “மெயின்டனன்ஸ்ல போட்டாங்க. இனிமே எப்பவும் நைட்தான். வாரம் மாத்தறது கெடையாது” என்று ஒரு நாள் சொன்னார். அந்த மனுஷரை நான் வந்த புதிதில், தொட்டியில் முகம் கழுவும்போது, முதுகுப் பக்கமாக ஒரு தடவை பார்த்திருக்கிறேன். அவ்வளவுதான். அது எனக்கு வினோதமாகவும் படவில்லை. என் புருஷனையே நான் அந்தக் காலத்தில் பெரும்பாலும் இழுத்துப் போர்த்திய போர்வையாகத்தான் பார்த்தேன்.

தனிமை என்று சொன்னால் அங்கே யாரும் நம்ப மாட்டார்கள். சுவருக்குச் சுவர் ஆள், எந்நேரமும் ஏதாவது ஒரு சத்தம். ஆனால் நான் தனியாகத்தான் இருந்தேன். எல்லோருடைய சத்தமும் என் வீட்டுக்குள் வந்தது, ஆள் ஒருவரும் வரவில்லை. சில நாள் மிகவும் கஷ்டமாக இருந்தால், அரைக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் கொஞ்சம் பொட்டுக்கடலையைப் போட்டு மிக்ஸியைத் திருகுவேன். நகம் சுரண்டுகிற சத்தம் கேட்கும். அக்கா வந்துவிடுவார். திட்டு வாங்கிக்கொண்டு, உட்கார வைத்து, டீ கொடுத்து அனுப்புவேன்.

ஒரு நாள் காலை, ஜன்னல் வழியாக அவரைப் பார்த்தேன். ஷூவைக் கொண்டுவந்து வாசலில் ஜோடியாக வைத்தார். இரண்டு அடி தள்ளி நின்று பார்த்தார். பிறகு காலால் ஒரு ஷூவை மெல்லத் தட்டிச் சாய்த்துவிட்டார், அலுத்துப்போன ஆள் கழற்றிப் போட்டால் எப்படிக் கிடக்குமோ அப்படி. தேள் கீள் இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கிறார் போல என்று நினைத்துக்கொண்டு நான் குழந்தையைக் குளிப்பாட்டப் போய்விட்டேன்.

அந்த வருஷம் ஆயுத பூஜை வந்தது.

ஓசூரில் ஆயுத பூஜை என்றால் தீபாவளிக்கு ஒரு படி மேல். முந்தின நாளே கம்பெனிகளில் மெஷினையெல்லாம் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாழைக்கன்று கட்டி, பூஜை போட்டு நிறுத்திவிடுவார்கள். பூஜை போட்ட மெஷினை மறுநாள் முழுக்க யாரும் தொட மாட்டார்கள். ஒரு ஸ்பானரைக்கூட நகர்த்த மாட்டார்கள். ராத்திரி ஷிப்ட் கிடையாது. வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் எங்கள் லைனில் எல்லா ஆண்களும் ஒரே நேரத்தில் விழித்திருப்பார்கள். வீடுகளிலும் அப்படித்தான், மிக்ஸி, கத்தி, அரிவாள்மணை எல்லாம் பொட்டு வைத்துக்கொண்டு ஓய்வில் இருக்கும். நானும் அக்காவும் எங்கள் ரப்பர்க் கத்தரிகளைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டோம்.

பூஜையன்று காலை வாசலே தெரியாத அளவு பைக்குகள். ஆண்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர் அடித்துக் கழுவினார்கள். ஸ்பீக்கர் தம்பி ஸ்டூல் போட்டு, ஸ்பீக்கரை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டான். முதலில் இரண்டு சாமி பாட்டு போட்டான். அது கடவுளுக்கு. பிறகு அவனுக்குப் பிடித்ததை ஆரம்பித்தான். பிள்ளைகள் ஆடினார்கள். பக்கத்து மாடி வீட்டிலிருந்து ஓனர் வெள்ளை வேட்டியில் வந்து நின்றார். வயசானவர், திட்டுவது தெலுங்கில், சாமி கும்பிடுவது கன்னடத்தில், எங்களிடம் தமிழ். வெள்ளைப் பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழிக்க வருஷா வருஷம் அவர்தான் வருவார். குடும்பஸ்தர்களுக்குத் தவிர யாருக்கும் வீடு விடமாட்டேன் என்று கேட்டிலேயே எழுதிப் போட்டிருக்கிற ஆள். தனி ஆணும் ஆகாது, தனிப் பெண்ணும் ஆகாது.

அந்தக் கூத்துக்கு நடுவில் உஷ் அக்கா வீட்டுக் கதவு திறந்தது. கையில் ஷூ. வழக்கம் போல வாசல்படிக்குப் பக்கத்தில் வைத்தார். காலால் ஒன்றைச் சாய்த்தார். நேராக ஸ்பீக்கரிடம் வந்தார், விரல் உதட்டில்.

“தம்பி, கொஞ்சம் கொறைப்பா. அவரு ஷிப்ட் முடிஞ்சி இப்பத்தான் வந்து படுத்தாரு.”

பைக் கழுவிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். பாட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ குழாயை நிறுத்தினார்கள். எல்லோருடைய கண்ணும் ஒரு தடவை அந்த ஷூவுக்குப் போய்த் திரும்பியது.

அக்கா எங்களைப் பார்த்தார். ஒவ்வொரு ஆணாகப் பார்த்தார். கழுவின பைக்குகளைப் பார்த்தார், அவற்றின் மேல் ஈரம் காயாத சந்தனத்தைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு இன்றைக்கு என்ன நாள் என்பது முழுசாக உறைத்தது என்று நினைக்கிறேன். அதற்கு முன் தினமே அவர் கத்தரிக்குப் பொட்டு வைத்தவர்தான். ஆனால் கை காலுக்கு அது தெரியவில்லை. தினம் தினம் செய்ததை அன்றும் செய்துவிட்டன. உதட்டில் வைத்த விரலை எடுக்கவும் மறந்து நின்றார். ஏதாவது சொல்லிச் சமாளிக்க வேண்டும் என்று தோன்றியது, சனியன், அன்றைக்கென்று பார்த்து என் வாயில் ஒரு வார்த்தை வரவில்லை.

ஸ்பீக்கர் தம்பிதான் குனிந்தான். குறைக்கவில்லை. அணைத்தேவிட்டான்.

“சரிக்கா. தூங்கட்டும்” என்றான்.

ஓனர் தொண்டையைச் செருமினார். அவர் என்ன சொல்லப்போகிறாரோ என்று அவர் வாயையே பார்த்தேன். அவர் யாரையும் பார்க்காமல், பூசணிக்காயை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு, “மெயின்டனன்ஸ்காரனுக்கு ஏதப்பா லீவு? பாவம். நட, அந்தக் கோடியில போய் உடைக்கலாம்” என்று சொல்லிவிட்டு நடந்தார். ஆண்கள் பைக்கை ஸ்டார்ட் செய்யாமல், தள்ளிக்கொண்டே அவர் பின்னால் போனார்கள். பூசணிக்காயைத் தெருக்கோடியில் உடைத்தார்கள். வருஷத்திலேயே பெரிய சத்தம் போட வேண்டிய அந்த நாள் எங்கள் லைனில் கிசுகிசுப்பாகவே நடந்து முடிந்தது. நான் பொரி, கடலை, வெல்லம், தேங்காய்ச் சில் எல்லாம் வைத்து இரண்டு பொட்டலம் கட்டி அவர் வீட்டில் கொடுத்தேன். ஒன்று அக்காவுக்கு, ஒன்று ‘தூங்குகிறவருக்கு’. அக்கா இரண்டையும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டார்.

மத்தியானம் சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் சுவரைப் பார்த்துவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

“அந்தாளு வேலைய வுட்டுட்டு எப்பவோ பூனா பக்கம் போய்ட்டான். அங்க வேற குடும்பமாயிடுச்சின்னு பேசிக்கிறாங்க. பஸ்ல எல்லாருக்கும் தெரியும்.”

“என்கிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா நீ என்னா பண்ணுவ? உன் தொண்டைக்கு ஓனர் காது வரைக்கும் போயிடும். அப்புறம் அந்தம்மா எங்க போவும்?”

எனக்குக் கோபமாக வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். சுவருக்கு அந்தப் பக்கம் எத்தனையோ நாளாக ஒரு காலி அறையை ஒரு பெண் தூங்கவைத்துக்கொண்டிருந்திருக்கிறார், நான் பக்கத்தில் உட்கார்ந்து ரப்பர் வெட்டியிருக்கிறேன்.

அடுத்த நாளிலிருந்து லைன் அடங்கிப்போனது. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. ஆனால் ஸ்பீக்கர் வீட்டுக்குள் போய் ஒரு மூலையில் துணி மூடி நின்றது. பிள்ளைகளைத் தெருவில் விளையாட அனுப்பினார்கள். குக்கர்காரிகள் சோறு வடிக்க ஆரம்பித்தார்கள். நானும் நல்ல பெண்ணாக அம்மியில் அரைத்தேன். நாங்கள் எல்லோரும் ரொம்ப நல்லவர்களாகிவிட்டோம். அக்காவைக் கண்டால் தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தோம். எங்கே ஒரு வார்த்தை கூடிப் போய்விடுமோ என்று பயம்.

அக்கா தினமும் ஷூவை வைத்தார். வைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்து வெட்டினார். இடையிடையே கத்தரியை நிறுத்திவிட்டுத் தலையை நிமிர்த்திக் கேட்பார். ஒன்றும் கேட்காது. திரும்பவும் குனிவார். அடக்குவதற்கு எதுவும் இல்லை என்பதால் அவர் எழுந்து யார் வீட்டுக்கும் போக வேண்டியிருக்கவில்லை. அவர் குரலைக் கேட்டே பல நாளாகிவிட்டது என்று ஒரு நாள் எனக்குத் தோன்றியது. அவர் முகம் ஒரு சுற்று சிறுத்திருந்தது. ஒரு மத்தியானம் என்னிடம் கேட்டார்.

“என்னா, எல்லாரும் ஊருக்குப் போய்ட்டாங்களா?”

“இல்லயேக்கா. எல்லாரும் இருக்கறாங்களே.”

“ஓ” என்றார். அவ்வளவுதான்.

அந்த ‘ஓ’ எனக்குத் தாங்கவில்லை. வீட்டுக்குள் வந்து நின்றேன். என் வீட்டுக் கதவை அவர் சுரண்டிய நாட்களில் நான் எப்படி இருந்தேன் என்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை, காய்ந்த தேங்காயை மிக்ஸியில் போட்டு, கதவை விரியத் திறந்து வைத்து, ஓடவிட்டேன். அக்கா வரவில்லை. கொஞ்சம் நிறுத்தி, திரும்பவும் ஓடவிட்டேன். தேங்காய் மாவாகி, சூடேறி, வாடை வந்துவிட்டது. வரவில்லை. ஒரு பாத்திரத்தை எடுத்துக் கீழே போட்டேன். குழந்தை வீறிட்டது. அப்போது வாசலில் நிழல் விழுந்தது.

“அவரு தூங்குறாரு” என்றார். அதில் உயிரே இல்லை.

“தூங்கட்டும்க்கா. எங்க வூட்லயுந்தான் தூங்குறாரு. அதுக்கோசரம் நாங்க அரைக்காம பட்டினி கெடக்கறதா?”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “என்னாடி, எதுத்துப் பேசற?”

“பேசுவன். லைன் பூரா உங்க ஒருத்தருக்கோசரம் வாயக் கட்டிக்கினு கெடக்கணுமா? நீங்க என்னா பெரிய இவங்களா?”

“ஆமாண்டி, பெரிய இவதான்! வந்த அன்னிக்கே பாத்தன், வாயப் பாரு, ரயிலாட்டம்! கொயந்தயப் போட்டுக் கத்தவுட்டுட்டு மிக்ஸி என்னா மிக்ஸி!” அவர் குரல் உயர்ந்தது. அவருக்கு அப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இன்னும் ஏதேதோ கத்தினார், கன்னடத்திலும் கொஞ்சம். அஞ்செட்டிக் காட்டுப்பக்கம் பிறந்தவர், கோபம் வந்தால் அது வருமாம்.

அவர் மூச்சு வாங்க நிறுத்தியபோது நான் விரலை என் உதட்டில் வைத்தேன்.

“மெதுவாக்கா. அவரு எழுந்துக்கப் போறாரு.”

அவர் அப்படியே நின்றுவிட்டார். என் முகத்தையே வெகுநேரம் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை. பிறகு அவர் தோள் குலுங்கத் தொடங்கியது. அதே சத்தமில்லாத சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வந்து கன்னத்தில் இறங்கியது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, உள்ளே அழுதுகொண்டிருந்த குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

“டீ போடு. சக்கர கம்மியா” என்றார்.

ஸ்பீக்கர் தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். நாங்கள் டீ குடித்து முடிப்பதற்குள் என் சுவரில் காலண்டர் ஆடத் தொடங்கியது. அக்கா டம்ளரை வைத்துவிட்டு, “இவன் வேற ஆரம்பிச்சிட்டானா?” என்று எழுந்தார். எழுந்த வேகத்தைப் பார்க்க வேண்டும். வாசலில் போய் விரலை வைத்துக்கொண்டு நின்றார். “ஏன்க்கா உசிர வாங்குதிய?” என்று அவன் கேட்டது எனக்கு உள்ளே வரை கேட்டது. அவனைக் கண்டால் எரியும் என்று சொன்னேன் அல்லவா, அன்றோடு அது நின்றது.

பிறகு கொஞ்ச காலம் நாங்கள் நல்லபடியாகச் சத்தம் போட்டோம். அவர் நல்லபடியாக அடக்கினார். தக்காளிக்காரர்கூட சில நாள் வேண்டுமென்றே மைக்கை அணைக்க மறந்தார்.

ஓனர் காலமான பிறகு அவர் மகன் வந்தான். லைனை இடித்துவிட்டு ஃபிளாட் கட்டப்போவதாகச் சொன்னான். எல்லோரும் வீடு தேடினோம். எனக்கும் ஸ்பீக்கர் தம்பிக்கும் கிடைத்துவிட்டது. அக்காவுக்கு வீடு தேடி நான் கூடவே அலைந்தேன். போகிற இடமெல்லாம் முதல் கேள்வி வீட்டுக்காரர் எங்கே என்பதுதான். ஒரு வீட்டில் அக்கா பழக்க தோஷத்தில், “அவரு தூங்குறாரு, நைட் ஷிப்ட்” என்றார். அந்த வீட்டம்மா கெட்டவள் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்: “அதனால என்னங்க, எழுந்ததும் கூட்டிட்டு வாங்க. அவரைப் பாத்துட்டு அட்வான்ஸ் பேசிக்கலாம்.”

எங்களோடு வந்துவிடுங்கள் என்று கூப்பிட்டேன். “ரெண்டு ஜோடி ஷூ இருந்தா யாரு தூங்கறாங்கன்னு கொழப்பம் வந்துடும்டி” என்று சொல்லிச் சிரித்தார். அஞ்செட்டியைத் தாண்டி, பஸ் எப்போதாவது போகிற ஒரு மலைக் கிராமத்தில் அவர் தம்பி மாடு வைத்துக்கொண்டு இருந்தார். அங்கே போவதாக முடிவு செய்துவிட்டார்.

போகிற அன்று காலை வாடகைக்குப் பிடித்த குட்டியானை வண்டி ஒன்று வந்தது. சாமான் ஏற்றுகிறவர்கள் கட்டிலைக் கதவில் இடித்தார்கள். அக்கா உடனே திரும்பி, “மெதுவாப்பா” என்றார். பிறகு தனக்குப் பின்னால் இருந்த வெறும் அறையைத் திரும்பிப் பார்த்தார். எல்லாம் ஏற்றியாயிற்று. ஷூ மட்டும் வாசல்படிக்குப் பக்கத்தில், ஒன்று சாய்ந்து, அப்படியே கிடந்தது.

“அத எடுத்துக்கலயாக்கா?”

“அங்க என்னாத்துக்கு? அங்க யாரு சத்தம் போடப் போறாங்க?”

வண்டியில் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். ரப்பர்க் கத்தரியை மடியில் துணி சுற்றி வைத்திருந்தார். ஸ்பீக்கர் தம்பி கைலியோடு வந்து தயங்கி நின்றான். அக்கா அவனைக் கூப்பிட்டார்.

“தம்பி, ஒரு பாட்டு போடு. நல்லா சத்தமா வை.”

அவன் ஓடினான். ஸ்பீக்கரை வாசலுக்கே இழுத்து வந்து போட்டான். தரை அதிர்ந்தது. தொட்டித் தண்ணீர்கூட ஆடியது. அக்கா வண்டி ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். டிரைவர் கிளப்பினார். வண்டி மதில் சுவர் ஓரமாகப் போய்த் திரும்பி மறைந்தது.

பாட்டு முடிந்து அடுத்த பாட்டும் ஓடியது. தம்பி அதை நிறுத்தவில்லை. நாங்கள் வாசலில் நின்றுகொண்டே இருந்தோம். குறைக்கச் சொல்லி யாரும் வரவில்லை.